கரிக்கொட்டடிப் படத்துக்கு நான் எழுதிய தமிழ்

சென்ற மாதம் கிண்ணியாவிலிருந்து நஸ்ரீன் தொலைபேசியில் பேசினார். நான் ஓய்வு பெற்றபின், திருகோணமலைக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவர் அவர்தான். "சேர், இப்ப எல்லாத்தையும் ஃபோனே மொழிபெயர்த்துத் தருது. பிழை பாக்கிறது மட்டுந்தான் எங்கட வேலை" என்று சிரித்தார். பிரிவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்கட சேவையில மொழிபெயர்க்க ஆகக் கஷ்டப்பட்ட வசனம் எது சேர்? அதைப் பற்றி எழுதுங்களேன்."

கடற்றொழில் சட்டத்தில் வலைக் கண்ணின் அளவைப் பற்றி வரும் நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொன்னேன். அவர் அதை நம்பிவிட்டார். தொலைபேசியை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொன்னது பொய். சட்ட வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொறுமையாக அவிழ்த்தால் வழிக்கு வந்துவிடும். என்னைத் தோற்கடித்தவை ஒரு படத்தின் கீழே இருந்த மூன்று சிறிய வாக்கியங்கள். ஒரு பாடசாலைப் பிள்ளை அகராதி இல்லாமல் மொழிபெயர்க்கக் கூடியவை. அவற்றைப் பற்றி எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் எழுதவேண்டும். எழுதிவிட்டேன். மலருக்கு ஏற்றதா என்பதை நஸ்ரீன் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது கரிக்கொட்டடியில். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் இருக்காது. உள்துறைமுகத்தின் கரையோரமாக, நீராவிக் கப்பல்கள் வந்துபோன காலத்தில் அவற்றுக்கான நிலக்கரியைக் குவித்து வைத்த இடம். கரியைக் கூடையில் சுமந்து கப்பலில் ஏற்றுவதற்கு இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே கொட்டில்கள் போட்டு இருத்தினார்கள். பிறகு கப்பல்கள் எண்ணெயில் ஓடத் தொடங்கின. கரி போய்விட்டது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். என் தகப்பன் காலத்தில் எங்களில் ஒருவரும் கரியைத் தொட்டதில்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கினார்கள், நகரசபையில் தெருக் கூட்டினார்கள். என்றாலும் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருந்து எழும்பிய வாங்குப் பலகையை மற்றப் பிள்ளைகள் கையால் தட்டிவிட்டுத்தான் இருப்பார்கள். கரி ஒட்டிவிடுமாம். அம்மா நீலம் போட்டு வெளுத்துத் தந்த சட்டையோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் வீட்டில் மூத்தவள் புஷ்பம் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இடியப்பம் அவித்துத் துறைமுக வாசல் கடைகளுக்குக் கொடுத்து என்னைப் படிக்க வைத்தவள். உயர்தரம், எழுதுவினைஞர் பரீட்சை, மொழிபெயர்ப்பாளர் பரீட்சை, கொழும்பில் பயிற்சி, மன்னாரில் சில வருடங்கள். ஊருக்கு மாற்றம் கிடைத்து வரும்போது எனக்குக் கலியாணமும் முடிந்திருந்தது. உப்புவெளியில் வீடு எடுத்துக்கொண்டேன். கந்தோரில் யாராவது "எவடம்?" என்று கேட்டால் உப்புவெளி என்பேன். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பல வருடங்கள் நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

பிரிவுக்குத் தலைவர் அருளானந்தம் சேர். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை, சவர பிளேட்டால் சீவிச் சீவிக் குட்டையாகிப்போன பென்சில். நான் எழுதிக் கொண்டுபோகும் தமிழை முதலில் அவர் தனியாக வாசிப்பார். ஆங்கில மூலத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கும் குரலில் தமிழை வாசிப்பார். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அது முடிந்த பிறகுதான் மூலத்தை நிமிர்த்துவார். நான் ஆங்கிலத்தை வாசிக்க, அவர் கோடு போடும் அடிமட்டத்தை வரி வரியாக இறக்கிக்கொண்டு தமிழைப் பார்ப்பார். ஒரு சொல் கூடியிருந்தாலும் அடிமட்டம் நிற்கும், குறைந்திருந்தாலும் நிற்கும். ‘பிழை’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொருக்கா யோசியும்" என்பார். எல்லாம் சரியென்றால் என் கையொப்பத்துக்குக் கீழே தன் கையொப்பத்தை வைப்பார். அதன்பிறகு ஓர் எழுத்தையும் யாரும் மாற்ற ஏலாது.

நான் வந்த புதிதில் ஓர் அறிவித்தல் மொழிபெயர்க்கக் கிடைத்தது. வீதி அகலிப்புக்காகக் கடற்கரையோரக் குடும்பங்கள் சிலவற்றை எழுப்பப் போகிறார்கள். ஆங்கிலத்தில் வெளியேற்றம் என்று முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. நான் கொஞ்சம் பதமாக, ‘மாற்றிடத்துக்குச் செல்லுமாறு அழைக்கப்படுகிறீர்கள்’ என்று எழுதியிருந்தேன். அடிமட்டம் நின்றது.

"இந்தக் கடிதம் கையில கிடைக்கிற மனிசன் என்ன செய்வான்?" என்று கேட்டார்.

"வாசிப்பான் சேர்."

"வாசிச்சுப்போட்டு, கலியாண வீட்டு அழைப்பு மாதிரி அலுமாரிக்கு மேல வைப்பான். பிறகு ஒருநாள் விடிய டோசர் வந்து நிக்கும். வெளியேற்றம் எண்டா வெளியேற்றம் எண்டு எழுதும். அவன் கோவப்படட்டும். கோவப்பட்டு நாலு இடத்துக்குப் போய்க் கதைக்க அவனுக்கு நேரம் குடுக்கவேணும். நாங்கள் பதமா எழுதி அந்த நேரத்தைக் களவெடுக்கக் கூடாது."

அன்றிலிருந்து நான் எதையும் பதமாக எழுதியதில்லை. அந்தப் படம் வரும்வரை.

யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, வெளிநாட்டவர்கள் கூட்டமாகத் திருகோணமலைக்கு வரத் தொடங்கிய காலம். வெளிநாட்டுக் கலாசார நிறுவனம் ஒன்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மண்டபத்தில் கண்காட்சி ஒன்றை வைக்க வந்தது. ‘விக்டோரியா மகாராணி காலத்துக் கலையும் நகரமும்’ என்பது தலைப்பு. பொறுப்பாக வந்தவர் கிளேர் என்ற வெள்ளைக்காரப் பெண். வெயிலில் சிவந்த முகம், எல்லோரிடமும் மரியாதை. பலகைகள் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும் என்று கச்சேரிக்குக் கடிதம் வந்தது. அருளானந்தம் சேர் கோவையை என் மேசையில் வைத்தார்.

முதற் பகுதி முழுக்க இங்கிலாந்து, பெரும்பாலும் லண்டன். அந்தக் காலத்துக் கலை என்றால் ராணிமாரையும் குதிரைகளையும் வரைந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நகரங்கள் ஊதிப் பெருத்துக்கொண்டிருந்த காலமாம் அது. ஆலைப் புகை சுவர்களில் படிந்தது. பஞ்சிலும் இரும்பிலும் பணம் கண்ட ஆலை முதலாளிகள் ஓவியங்களை வாங்கினார்கள், தங்கள் பட்டினங்களில் கலைக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சுவர்களுக்காக ஓவியர்கள் தெருவையே வரைந்தார்கள். ரயில் நிலையத்து நெரிசல், பூ விற்கும் பெட்டை, இரவு தங்கக் கேட்டு வாசலில் குளிரில் நிற்கும் குடும்பங்கள். அப்படியான ஒரு படத்தைப் பார்க்கச் சனம் முண்டியடித்ததில் படத்துக்கு முன்னால் கம்பி கட்டிப் பொலிஸ்காரனையும் நிறுத்தவேண்டி வந்ததாம். சீமாட்டிகள் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே, அவர்களுடைய பாவாடையில் சேறு படாமல் தெருவைக் கூட்டி வழிவிட்ட பிள்ளை சில்லறைக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

இன்னொரு பலகை. ஏழைகளுக்கு வடிவான படங்களைக் காட்டினால் அவர்கள் திருந்துவார்கள் என்று சில நல்ல மனிதர்கள் நம்பினார்களாம். ஏழைகள் இருக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படங்களை மாட்டி இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சனம் வரிசையில் நின்று வந்து பார்த்தது. பார்த்து என்ன நினைத்தது என்பதை ஒருவரும் பெரிதாகக் கேட்டு எழுதி வைக்கவில்லை என்று பலகை முடிந்தது.

அந்த வாரங்களில் நான் மிகவும் சந்தோசமாக வேலை செய்தேன். வீட்டில் மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். சேருடைய பென்சில் ஒன்றிரண்டு புள்ளிகளோடு நின்றது. "நீர் இதில மனம் வைச்சுச் செய்திருக்கிறீர்" என்றார். அவரிடமிருந்து அப்படியொரு சொல் வாங்குவது லேசான காரியம் இல்லை.

இரண்டாம் பகுதி எங்கள் ஊர். கடற்படை அதிகாரி ஒருவருடைய மனைவி இங்கே இருந்த காலத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள், பெரிதாக்கிய பிரதிகளாக வந்திருந்தன. கோட்டை வாசல், கோணேசர் மலை, மரத்தடியில் மான்கள், அவருடைய வீட்டு விறாந்தை. ஒவ்வொன்றின் கீழும் அவர் கைப்படச் சில வரிகள். கடைசிப் படம், கரி ஏற்றுவது.

அதைப் போல ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. விடிகாலை. கடல், மீனின் வயிறு மாதிரி வெளிறிக் கிடக்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே பலகைப் பாலம். அதில் ஆணும் பெண்ணுமாக, தலையில் கூடையோடு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பும் சேலையும் கூடையும் ஒரே நிறம். நடுவில் ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் கழுத்தை வரைந்த தூரிகை அவசரப்படவில்லை. புஷ்பம் அக்கா யாராவது கூப்பிட்டால் தலைச்சுமையோடு திரும்புவது அப்படித்தான், கழுத்து மட்டும் திரும்பும், தோள் அசையாது.

கீழே இருந்தவை மூன்று வாக்கியங்கள். இந்த அழகிய துறைமுகத்தில் அசிங்கமாக இருப்பது இவர்கள் மட்டும்தான் என்றது முதலாவது. இவர்களை மனிதர் என்று சொல்லத் தயங்குவதாக இரண்டாவது. தூரத்திலிருந்து பார்த்தால் வரைவதற்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறார்கள் என்று வியந்தது மூன்றாவது.

நான் கோவையை மூடினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திறந்தேன். திரும்ப மூடினேன். பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைப் பார்க்கிறாரோ என்று பார்த்தேன். அவர் தன் பாட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நாற்பது வயது தாண்டிய அரசாங்க உத்தியோகத்தன், வாங்கைத் தட்டிவிட்டு இருந்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவன் மாதிரி நின்றேன்.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"தம்பி, எங்கட ஆக்களின்ர படமொண்டு வந்திருக்காமே! அந்த வெள்ளைக்காரப் பிள்ளை இஞ்ச வந்து எல்லாரையும் வரச்சொல்லிப்போட்டுப் போகுது. நீதானாமே தமிழ் எழுதுறாய்? ஃபாதர் பூசையில சொன்னவர். நாங்கள் எல்லாரும் வாறம்."

"ஓம் அக்கா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நான் எழுதிக் கொடுத்த தமிழ் இது: ‘கரி ஏற்றுவோர். இந்த எழில்மிகு துறைமுகத்தின் உழைப்பாளிகள் இவர்கள். இவர்களைப் போன்ற மனிதரைக் காண்பது அரிது. வரைவதற்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறார்கள்!’

அருளானந்தம் சேர் மூலத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழை வாசித்தார். நாக்கு எங்கேயும் இடறவில்லை. பிறகு மூலத்தை நிமிர்த்தினார். "வாசியும்" என்றார்.

நான் ஆங்கிலத்தை வாசித்தேன். முதல் வாக்கியத்திலேயே அடிமட்டம் நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் மூன்றையும் வாசித்து முடித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது கடற்படைக்காரன்ர பெஞ்சாதி எழுதினதோ, நீர் எழுதினதோ?"

"சேர், அந்த ஆக்கள் பாக்க வருகினம். வயசு போனதுகளும் வரும்."

"அவையள் எவடத்து ஆக்கள்?"

"கரிக்கொட்டடி" என்றேன். பிறகு, ஏனென்று தெரியாது, "என்ர அக்காவும் வாறா" என்றேன்.

இன்னொருக்கா யோசியும் என்று சொல்வார் என்று காத்து நின்றேன். சொல்லியிருந்தால் என் கதிரையில் போயிருந்து மாற்றி எழுதியிருப்பேன். ‘நீரும் அங்கத்தைய ஆளோ’ என்று அவர் கேட்கவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். என் பெயருக்குக் கீழே கையொப்பம் வைத்து, கோவையை என் பக்கம் தள்ளினார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இவருக்கு இத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது என்பதுதான் முதலில் உறைத்தது.

கண்காட்சி திறந்த நாளில் கரிக்கொட்டடி முழுவதும் வந்தது. கோயில் திருவிழாவுக்கு உடுக்கிற உடுப்பு. கிழவர்கள் எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார்கள். லண்டன் படங்களை மரியாதைக்குப் பார்த்துக்கொண்டு வந்து கடைசிப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையை உரத்து வாசித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ‘இவர்களைப் போன்ற மனிதரைக் காண்பது அரிது’ என்ற இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு வாசித்தாள். பின்னால் நின்ற ஒருவர், "இன்னொருக்கா வாசி புஷ்பம்" என்றார். வாசித்தாள். கைத்தொலைபேசிகளில் படம் எடுத்தார்கள். கிளேர் ஓடிப்போய், இரு மொழிக் குறிப்போடும் சேர்த்து அச்சடித்த பிரதி ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் தேடினாள். நான் லண்டன் பலகைகளுக்குப் பின்னால் நின்றேன்.

கடைசிச் சனிக்கிழமை கலந்துரையாடல். வாடகைக் கதிரைகள் போட்டிருந்தார்கள். அருளானந்தம் சேரும் வந்திருந்தார். அக்கா ஆட்களோடு முன்வரிசையில் இருந்தாள். எங்கள் வரிசைக் கொட்டில்களிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை நிரோஷா. ஆங்கிலம் படிக்கிறாள். விடுமுறையில் வந்தவள், அன்றுதான் முதல்முறை மண்டபத்துக்குள் வந்தாள். கிளேர் பேசி முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டபோது நிரோஷா படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இதில ஒரு பிழை இருக்குது. இங்கிலிசில இருக்கிறது வேற, தமிழில இருக்கிறது வேற" என்றாள்.

அருளானந்தம் சேர் எழும்பினார்.

"பிழை என்ரது பிள்ளை. சரிபார்த்துக் கையொப்பம் வைச்சவன் நான். நான்தான் மறுமொழி சொல்லவேணும்."

நான் எழும்பவில்லை. என் வேலையை இன்னொருவர் தன் தலையில் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கால்கள் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா திரும்பினாள். கழுத்து மட்டும்.

"சேர், நீங்கள் இருங்கோ. நீங்கள் எழுதேல்ல எண்டு எனக்குத் தெரியும். தம்பி, உதில என்ன எழுதியிருக்குதெண்டு நீ சொல்லு."

"அக்கா, பிறகு சொல்லுறன்."

"இப்ப சொல்லு. எல்லாரும் இருக்கினம்."

நான் எழும்பிப் படத்தடிக்குப் போனேன். ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பாடமாகி இருந்தது. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அந்த முகங்களைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக. "இந்த அழகிய துறைமுகத்தின் ஒரே அசிங்கம் இவர்கள்தான். இவர்களை மனிதர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும், தூரத்திலிருந்து பார்க்கையில், வரைவதற்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறார்கள்."

வெளியே துறைமுகத்தில் ஏதோ படகு இரைந்துகொண்டு போனது. பின்வரிசையில் ஒரு கிழவர், "தூரத்திலயிருந்து எண்டோ சொல்லுறா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"அதுதான் படத்தில பாலத்துக்குப் பிடிகயிறு கீறாமல் விட்டிட்டா. கயிறில்லாமல் ஆர் அதில ஏறுறது? என்ர பாட்டன் அந்தக் கயிறைப் பற்றித்தான் எந்த நேரமும் சொல்லிக்கொண்டிருப்பார்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அவ ஆரோ ஒருத்தி. எப்பவோ செத்துப் போனவ. அவ சொன்னதுக்கு நான் கோவிக்கேல்ல. நீ ஏன் தம்பி எங்களுக்கு மறைச்சனீ? நாங்கள் கேளாத கதையோ இது? எங்களுக்குத் தாங்காதெண்டு நினைச்சியோ, உனக்குத் தாங்கேல்லையோ?"

கிளேர் என் அருகே வந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மெல்லிய குரலில் கேட்டார். மண்டபத்தில் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளன் நான்தான். அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்தையும், மறைத்தவன் நான் என்பதையும், கடைசிக் கேள்வியையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிரோஷா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் சரி என்பதுபோலத் தலையசைத்தாள். கிளேருடைய முகம் இன்னும் சிவந்தது. அவர் ஏதோ மன்னிப்புச் சொல்லத் தொடங்கினார். அதையும் தமிழில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அவரில்லை என்று அக்கா சொன்னாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்றே பலகையைக் கழற்றி, சரியான தமிழை அச்சடித்து மாட்டினோம். சேர் அங்கேயே நின்று, அடிமட்டம் இல்லாததால் விரலை வரி வரியாக வைத்துச் சரிபார்த்தார். பிறகு இருவரும் உள்துறைமுக வீதியால் நடந்து வந்தோம். என்னை ஏசுவார், ஏசட்டும் என்றிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

"ஞானம்" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "வேற ஆர் உதைக் கொண்டு வந்திருந்தாலும் நான் திருப்பி அனுப்பியிருப்பன். அண்டைக்கு உம்மை நான் மொழிபெயர்ப்பாளரா நினைக்கேல்ல. கரிக்கொட்டடிப் பெடியன், பாவம் எண்டு நினைச்சிட்டன். அது உமக்குச் செய்த மரியாதைக் கேடு. மன்னிச்சுக்கொள்ளும்."

"நீங்கள் ஏன் சேர்..." என்றேன். அவர் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் ஓய்வு பெறும்வரை இருவரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. பென்சில் மட்டும் என் தாள்களில் முன்னையைவிடக் கடுமையாக இறங்கியது. அதற்கு நான் அவருக்கு நன்றியுடையவன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கரிக்கொட்டடிக்குப் போனேன். பல மாதங்களுக்குப் பிறகு. மனிசியும் வருகிறேன் என்றாள், நான் தனியாகப் போகவேண்டும் என்றேன். சந்துக்குள் நுழையும்போது ஆட்கள் வழக்கம்போலச் சுகம் விசாரித்தார்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நடப்பது சுகமாக இருந்திருக்கும்.

அக்கா வீட்டு முன்னறைச் சுவரில் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கீழ்ப்பகுதி இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தாள்.

"குறிப்பு எங்க அக்கா?"

"குசினியில அடுப்புக்குள்ள போட்டிட்டன்."

"தமிழை மட்டுமோ?"

"ரண்டையும்தான். படம் வடிவாயிருக்குது, அது போதும். வாறவைக்கு நான் சொல்லுவன் ஆரெண்டு." சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இருந்து சாப்பிடு, ஆறுது."

நான் இருந்த கதிரைக்கு நேர் எதிரே படம். இடுப்பில் குழந்தையோடு அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிடி சோற்றை எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோக ஏலாமல் இருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, கதிரையை மேசையின் மற்றப் பக்கத்துக்கு இழுத்து, படத்துக்கு முதுகைக் காட்டி இருந்தேன். குனிந்து சாப்பிடத் தொடங்கினேன்.

அக்கா மீன் குழம்புச் சட்டியோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். சட்டியை மேசையில் வைத்தாள். என் கோப்பையை எடுத்து நான் முதலில் இருந்த பக்கத்தில் வைத்தாள். பிறகு பின்னால் வந்து, என் தோளில் தட்டி எழுப்பி, கதிரையைத் திரும்ப அந்தப் பக்கத்துக்கே இழுத்துப் போட்டாள்.